வெடிக்காத பலகை

இஸ்ரவேல் பத்து வருஷத்துக்கு மேல் மரம் அறுத்தார். ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை. விறகு விற்கும் டாலுக்குப் போய் உருட்டுக்கட்டை வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பலகையாகப் பிளப்பார். பின்கட்டில் அடுக்கி வைப்பார். அவ்வளவுதான். எதற்கு என்று கேட்டால், கேட்டவரைக் காலிலிருந்து தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் அவர்கள் கீழ் வீடு, நாங்கள் மேல் வீடு. இரண்டும் சர்க்கார் குவார்ட்டர்ஸ். அவர் ஒரு அரசு அச்சகத்தில் மெக்கானிக். மனைவி மார்கரெட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைகள் இல்லை. என் கணவர் ரத்தினவேல் ஒரு அமைச்சகத்தில் கிளார்க். அவருக்கும் இஸ்ரவேலுக்கும் பகை வந்தது ரம்பச் சத்தத்தால் என்றுதான் காலனியில் எல்லோரும் நினைத்தார்கள். அதற்கு முன்பே வந்துவிட்டது. தோட்டம் போட வேண்டும் என்று என் கணவர் கீழ் வீட்டுக்காக வருஷக்கணக்கில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது காலியானபோது, பட்டாளத்திலிருந்து வந்தவர் என்று இஸ்ரவேலுக்குக் கொடுத்துவிட்டார்கள். வெண்டைக்காயும் புடலங்காயும் வளர்ந்திருக்க வேண்டிய இடத்தில் கட்டை கிடப்பதைப் பல் விளக்கும்போதெல்லாம் மேலிருந்து பார்த்து, கீழே துப்புவார். சில நாள் எங்கே விழுகிறது என்று பார்த்தே துப்புவார்.

இஸ்ரவேல் மரம் அறுத்த யந்திரத்தைச் சொல்ல வேண்டும். நீளமான இரும்பு நாக்கு, அதைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி, பின்னால் பெட்ரோல் எஞ்சின். பனிமலையில் ரோடு போடும் படையில் இருந்தபோது, விழுந்த மரங்களை வெட்டி வழி செய்ய அதை வைத்திருந்தார்களாம். ஓடாது என்று கழித்து ஏலம் விட்டதை இவர் எடுத்து ஓட வைத்திருந்தார். இரும்புப் பட்டைகளால் ஒரு சட்டம் செய்து ரம்பத்தை அதில் படுக்கவைத்து முடுக்கியிருந்தார். கட்டையின் மேல் ஒரு ஏணியை ஆணியடித்துக் கிடத்தி, அந்த ஏணிமேல் சட்டத்தைத் தள்ளிக்கொண்டே போனால் ரம்பம் மேலும் கீழும் போகாமல் ஒரே மட்டமாக அறுக்கும். முதல் அறுப்புக்குத்தான் ஏணி. அதன்பிறகு அறுத்த முகமே ரம்பத்துக்குப் பாதை.

சத்தம் சொல்லி முடியாது. ரேடியோ கேட்காது, குக்கர் விசில் கேட்காது. பெட்ரோல் புகையும் மொபில் ஆயில் நாற்றமும் மேலே ஏறிவரும். நான் மாடியில் காயவைத்த கூழ் வற்றலில் மரத்தூள் விழுந்து, எண்ணெயில் போட்டால் கருகும். இரண்டு முறை மொத்தமாகக் கொட்டியிருக்கிறேன். எனக்கும் அவரைப் பிடிக்காது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் மேல் வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. பின்கட்டுக் குழாய்க்குத்தான் நான் வாளியோடு இறங்க வேண்டும். குழாய் பொது. ஆனால் நான் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து துவைக்கும்போது, அவர் தன் கட்டைகளை என் பக்கத்திலிருந்து காலால் நகர்த்துவார். தண்ணீர் தெறிக்கிறதாம். வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நானும் எவரிடமும் பேசுகிறவள் அல்ல. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், வெறுப்பை மட்டும் நடுவில் வைத்துக்கொண்டு வேலை செய்வோம்.

மார்கரெட்தான் காலையில் பால் பூத் வரிசையில் என்னிடம் பேசுவாள். நைட் டியூட்டி முடித்து நேராக அங்கே வருவாள், கண் சிவந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்கமும் கிடையாது. ரம்பம் போகப்போகப் பிளவில் மரம் கவ்விக்கொள்ளுமாம், பின்னால் ஒரு ஆள் ஆப்பு வைத்து அடித்துக்கொண்டே வர வேண்டும். அந்த ஆள் இவள். நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காதில் பஞ்சோடு, கட்டையின் பின்னால் குனிந்து ஆப்பு அடிப்பதை நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். நாகர்கோவில் பக்கம் இஸ்ரவேலின் அப்பா மரம் அறுப்பவர், குழிக்குள் நின்று இழுவாள் இழுத்தவர் என்று அவள்தான் சொன்னாள். மகன் அந்தத் தொழிலுக்குப் போகக்கூடாது என்றுதான் பட்டாளத்துக்கு அனுப்பினார்களாம்.

“அங்க போயும் இதத்தான் புடிச்சிட்டு வந்திருக்காரு. உக்கார ஒரு ஸ்டூலு கேட்டேன். காஞ்ச பெறவு பாக்கலாம்னாரு. ஒண்ணாவது காஞ்சாத்தான” என்றாள்.

அதுதான் விஷயம். எந்தப் பலகையும் முழுசாகக் காய்ந்ததில்லை. பச்சை மரம் மெதுவாகக் காய வேண்டும். டெல்லி வெயிலில், மே மாதத்து லூ என்கிற அனல்காற்றில், வெளித்தோல் ஒரு வாரத்தில் காய்ந்து சுருங்கிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். மத்தியானம் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லாத நேரத்தில், கீழே துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். பலகை வெடித்திருக்கிறது. அவ்வளவுதான், அது விறகு.

அந்தச் சத்தத்துக்காக என் கணவர் காத்திருப்பார். லீவு நாளில் கட்டிலில் படுத்து விசிறிக்கொண்டிருப்பார். டப் என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, “விழுந்துச்சுடி ஒண்ணு” என்பார். சிரிப்பார். மோர் கேட்பார். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிடுவார். வெடிக்கிற ஒவ்வொரு பலகைக்கும் கீழே இஸ்ரவேல் கதவைத் திறந்துகொண்டு வருவதும், பிளவில் விரல்விட்டுப் பார்ப்பதும் எனக்குத் தெரியும். மார்கரெட் சொல்லித்தான் தெரிந்தது, அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று. அகலமான ஒரு பலகை, ஒரு கீறல் இல்லாமல் காய வேண்டும். அதில் எதையும் செய்வதற்கல்ல. காய்ந்தால் போதும்.

அந்த ஜூனில் ஒரு ஆந்தி அடித்தது. பட்டப்பகலில் வானம் செங்கல் நிறமாகி, புழுதிக் காற்று வந்து, மெயின் ரோட்டில் ஒரு பெரிய ஷீஷம் மரத்தை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. கிளைகளைக் கழித்துக்கொண்டுபோன காண்ட்ராக்டரிடம் பேசி அடிமரத்தை இஸ்ரவேல் வாங்கிவிட்டார். ஆட்கள் கயிறு கட்டி உருட்டிக்கொண்டு வந்து, சாயங்காலம் எங்கள் மாடிப்படிக்கு எதிரே விட்டுவிட்டுப் போனார்கள். என் கணவர் ஆபீசிலிருந்து வந்தால் ஸ்கூட்டர் உள்ளே போகவில்லை.

அன்றைக்குப் பெரிய சண்டை. குடியிருக்கிற இடமா, மரக்கடையா என்று இவர் கேட்டார். ஸ்கூட்டரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போகச் சொன்னார் அவர். காலனி நலச் சங்கத்துச் செயலாளர் சேத்தி வந்து இரண்டு பேரையும் ஹிந்தியில் திட்டி, மதராஸிகள் சண்டையில் தான் எதற்கு நிற்கிறேன் என்று போய்விட்டார். கட்டை இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. ஸ்கூட்டர் வெளியே வெயிலில் நின்றது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அறுத்தார். முதல் பலகையை இரண்டு பேரும் தூக்கி நிமிர்த்தியபோது நான் மேலே நின்றிருந்தேன். தேன் நிறத்தில் கறுப்பு வரிகள், தண்ணீரில் மை கலந்து இழுத்த மாதிரி. ஒரு ஆள் தாராளமாகப் படுக்கிற அகலம். அவர் ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினார். வரிகள் இன்னும் கறுத்தன. நன்றாக இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதே எரிச்சலாகவும் இருந்தது, அன்றைக்குத்தான் புதுசாக வற்றல் பிழிந்திருந்தேன்.

இந்த முறை அவர் வேறு மாதிரி அடுக்கினார். தரைமேல் செங்கல், செங்கல்மேல் ஒரு பலகை, நடுவே ஒரே கனத்தில் சீவிய குச்சிகள், மேலே அடுத்த பலகை. குச்சிக்கு நேர்மேலே குச்சி. பலகைகளின் இரண்டு முனைகளிலும் மெழுகை உருக்கிப் பூசினார், ஈரம் முனை வழியாகத்தான் ஓடுமாம். சுற்றிலும் நனைந்த சாக்கு. மத்தியானம் சாக்கு காயாமல் பார்க்கிறது மார்கரெட்டின் வேலை. அவள் தூங்கிவிட்டால் சண்டை. ஜூன் முடிந்தது, மழை வந்தது, குளிர் வந்தது. ஒரு சத்தம் வரவில்லை.

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. படுத்துக்கொண்டு, இன்னும் ஒரு கோடை இருக்கிறது என்பார். வருகிற மே மாதம் தாண்டட்டும், அப்போது பார்க்கலாம் என்பார். மார்கரெட்டும் அதையேதான் சொன்னாள். அடுத்த கோடை தாண்டினால் அப்புறம் அதை எதுவும் செய்யாது.

ஆனால் கோடைக்கு முன்னால் ஹோலி.

ஹோலிக்கு முந்தின சாயங்காலம் முச்சந்தியில் கட்டை அடுக்கிக் கொளுத்துவார்கள். அதற்குப் பல நாள் முன்பிருந்தே காலனிப் பையன்கள் விறகு சேர்ப்பார்கள். கேட்டும் வாங்குவார்கள், கேட்காமலும் எடுப்பார்கள். வெளியே சும்மா கிடக்கிற மரம் ஹோலிகா என்கிற அந்தத் தீக்குச் சொந்தம், யாரும் சண்டை போடக்கூடாது. குவியலில் போட்டபின் திரும்ப எடுப்பது பெரிய பாவம். நான் டெல்லிக்கு வந்த முதல் வருஷம் என் துவைக்கிற பலகை அப்படித்தான் போனது. அழுதுகொண்டு நின்றபோது எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள், சாத்தி வைத்திருந்தாயே அதனால்தான் எடுத்தார்கள், ஈரத் துணி ஒன்று மேலே கிடந்திருந்தால் தொட்டிருக்க மாட்டார்கள் என்றாள். புழக்கத்தில் இருக்கிற பொருளை எடுக்கக்கூடாதாம்.

இஸ்ரவேலுக்கும் இது தெரியும். ஒவ்வொரு வருஷமும் ஹோலிக்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டு, பின்கட்டில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு இரும்புக் கம்பியோடு உட்கார்ந்திருப்பார்.

அந்த வருஷம் அந்த நாள் பெரிய வெள்ளிக்கிழமையாக வந்தது. பங்குனி உத்திரமும் அன்றைக்கே. இஸ்ரவேல் வருஷம் முழுக்கச் சர்ச் பக்கம் போகாதவர், ஆனால் பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை நடக்கும் ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. அப்பா செத்தது ஒரு பெரிய வெள்ளியன்று என்று மார்கரெட் சொல்லியிருக்கிறாள். காலையில் பலகைகளைச் சுற்றி இரும்புச் சங்கிலி போட்டுப் பூட்டினார். கட்டை எரிப்பது சாயங்காலம்தானே, மூன்று மணிக்கு வந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பஸ்ஸுக்குப் போனதை நான் பார்த்தேன்.

என் கணவரும் பார்த்தார். அவர் விடியற்காலையிலேயே மலை மந்திருக்குப் போய், முருகனுக்குப் பால்குடம் எடுத்துவிட்டு வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் மஞ்சள் வேட்டி. சாப்பிட்டு முடித்ததும் படியிறங்கி நின்றார். பையன்கள் தெருவில் வந்தபோது அவரே கூப்பிட்டார்.

“நீச்சேவாலா சர்ச் கயா ஹை. தீன் பஜே தக் நஹீ ஆயேகா. ஜல்தி கரோ” என்றார். கீழ் வீட்டுக்காரர் சர்ச்சுக்குப் போயிருக்கிறார், மூன்று மணிவரை வர மாட்டார், சீக்கிரம் என்று. சங்கிலியை என்ன செய்வது என்று ஒருவன் கேட்டான். என் கணவர் மேலே வந்து, ஸ்கூட்டர் சாமான்களிலிருந்து எதையோ தேடி எடுத்துக்கொண்டு இறங்கினார். பூட்டு உடைகிற சத்தம் கேட்டது.

நாலு நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு பலகை எடுக்கும்போதும் இடையிலிருந்த குச்சிகள் சிதறி விழுந்தன. எங்கள் பின்பக்கத்திலிருந்து முச்சந்தி தெரியும், பேச்சும் கேட்கும். குவியலைச் சுற்றிப் பெண்கள் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டதும், அவற்றின் மேலும் நூல் சுற்றிக் குங்குமம் வைத்தார்கள்.

விபூதி வைத்த நெற்றியோடு அவர் வழிகாட்டிக்கொண்டு நின்றது எனக்கு என்னவோ போல் இருந்தது. இஸ்ரவேல்மேல் இரக்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன். குளிர்காலம் முடிந்து துவைக்க எடுத்து வைத்திருந்த ரஜாய்ப் போர்வை உறைகளை வாளியில் அள்ளினேன். சோப்பை எடுத்தேன். கீழே இறங்கினேன்.

அடியில் இருந்த பலகை ஒன்றுதான் மிச்சம். எல்லாவற்றிலும் அகலமானது. குழாயைத் திறந்து வாளியை நிரப்பி, பலகை நனையும்படி ஊற்றினேன். உறையை விரித்துப் போட்டேன். சோப்பைத் தேய்த்தேன். பையன்கள் திரும்பி வந்து நின்றார்கள்.

“ஆண்ட்டி, ஹட் ஜாயியே” என்றான் ஒருவன்.

நான் நகரவில்லை. உறையைச் சுருட்டி, தூக்கி, பலகையில் அடித்தேன். சோப்புத் தண்ணீர் அவன் பேண்ட்டில் தெறித்தது. இன்னொருவன் சிரித்தான். மேலே பால்கனியிலிருந்து என் கணவர் குரல் வந்தது.

“ஏய், மேல வாடி.”

அடித்தேன்.

“காதுல விழலையா? அதுல என்ன தொவைக்கிற?”

நான் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் போயிருப்பேன், எனக்குத் தெரியும். ஒரு உறையைப் பிழிந்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். பையன்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். துணி துவைக்கிற இடம் என்றான் ஒருவன். அதற்குமேல் அவர்கள் நிற்கவில்லை. முதலில் துவைத்த உறையையே மறுபடியும் எடுத்துத் துவைத்தேன். மூன்று மணிக்குமேல் வரை துவைத்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவர்கள் முச்சந்தியைத் தாண்டித்தான் வர வேண்டும். இஸ்ரவேலின் வெள்ளைச் சட்டை அங்கே நின்றதைக் கண்டேன். அவர் ஒரு பலகையில் கைவைத்தார். உடனே பெண்கள் கத்தினார்கள். சேத்தி ஓடிவந்து குறுக்கே நின்றார். ஹோலிகாவுக்குப் போட்டதைத் திருப்பி எடுத்தால் காலனிக்கே கேடு என்றார். பூட்டை உடைத்து எடுத்திருக்கிறீர்கள் என்று இஸ்ரவேல் கத்தினார். யாரோ அவர் காலரைப் பிடித்தார்கள். மதராஸி, இசாயி என்று அவர் ஊரையும் மதத்தையும் சேர்த்து என்னென்னவோ வார்த்தைகள். கூட்டத்தில் என் கணவரும் போய் நின்றுகொண்டிருந்தார்.

“விடுங்க சார். எப்பிடியும் மே மாசம் வெடிக்கத்தான போகுது. இன்னிக்கே வெடிக்கட்டுமே” என்றார். வேண்டுமென்றே தமிழில் சொன்னார், அவருக்கு மட்டும் புரியட்டும் என்று.

இஸ்ரவேல் திரும்பிப் பார்த்தார். “ஒம்ம நெத்தியில திருநீறு இன்னும் அழியலயே, ரத்தினவேலு” என்றார்.

அதற்குள் மார்கரெட் வீட்டுப் பக்கம் ஓடிவந்திருந்தாள். வேலிக்கு மேலாக என்னைப் பார்த்தாள், எனக்குக் கீழே இருந்ததைப் பார்த்தாள். திரும்பி ஓடி அவர் கையைப் பிடித்தாள். “வாரும். ஒண்ணு கெடக்கு” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

வந்தார். சட்டையில் ஒரு பட்டன் இல்லை. பலகைமேல் சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. முனையில் பூசிய மெழுகு ஒரு ஓரத்தில் பெயர்ந்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தார்.

“என்ன செய்யுதீய? எந் தடியில சோப்பத் தேச்சுத் தொலைச்சிட்டீயளே” என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. “காயப்போட்ட மரத்துல தண்ணிய ஊத்துறதா? அறிவு இருக்கா? எந்திரியும்.”

மார்கரெட் அவர் தோளைத் தொட்டாள். அவர் தட்டிவிட்டார். நான் ஈரத் துணிகளை வாளியில் போட்டுக்கொண்டு எழுந்து மேலே வந்துவிட்டேன். அவர் சொன்னது சரிதான், நான் அடித்த இடம் வெளுக்க ஆரம்பித்திருந்தது.

சாயங்காலம் கொளுத்தினார்கள். இஸ்ரவேல் போய் நின்று பார்த்தார். ஷீஷம் எளிதில் பற்றாது. பற்றியபின் ஒவ்வொரு பலகையாக வெடித்தது. டப், டப் என்று எங்கள் வீட்டுக்குள் கேட்டது. என் கணவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

“தொவைக்க வேற எடமே கெடைக்கலையாக்கும்” என்றார்.

“குழா அங்கதான இருக்கு” என்றேன்.

அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் எழுந்துவிடுவார். எனக்கு அது பெரிய கஷ்டமாக இல்லை.

ஹோலி கழிந்து மறுநாள் வாளியோடு கீழே போனேன். குழாய் வாயில் ஒரு தகரப் பெட்டி மாட்டி, அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார் இஸ்ரவேல். பலகை சுவரோரம் தனியாகக் கிடந்தது, நாலு பக்கமும் சாக்கு, மேலே செங்கல். அந்தக் கோடை முழுக்க நான் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்தேன்.

மே வந்தது. லூ அடித்தது. என் கணவர் கட்டிலில் படுத்து, விசிறியை நிறுத்திவிட்டு, காது கொடுத்துக்கொண்டிருப்பார். நானும் அடுப்படியில் அப்படித்தான் நின்றேன், ஆனால் வேறு ஒன்றுக்காக. ஒரு சத்தம் வரவில்லை. ஜூனிலும் வரவில்லை. மழை வந்ததும் அவர் விசிறியைச் சுவரில் மாட்டிவிட்டு, “என்னத்தப் பெரிய பலகை” என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

செப்டம்பரில் ஒருநாள் பால் பூத் வரிசையில் மார்கரெட் சொன்னாள். முனையிலிருந்து முனைக்கு நூல் பிடித்துப் பார்த்தாராம், ஒரு மயிரளவு கோணல் இல்லை, ஒரு கீறல் இல்லை. முன்னறையில் இரண்டு டிரங்குப் பெட்டிமேல் தூக்கிக் கிடத்திவிட்டாராம். அதன்மேல் ஒரு டம்ளர் வைக்க விடுவதில்லை. ஸ்டூல் இன்னும் வரவில்லை.

“சோப்புக் கறை அப்படியே இருக்கு. சீவுனா போயிரும், அரை நாழி வேல. அந்தப் பக்கத்த மேல வச்சிருக்காரு. ஏன்னு கேட்டா எந்திரிச்சுப் பின்கட்டுக்குப் போயிருதாரு” என்றாள்.

டோக்கனைக் கொடுத்துப் பால் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் சேர்ந்தே திரும்பினோம். வழியில் எதிர்வீட்டில் நின்று நான் வாளியை எடுத்துக்கொண்டேன், அன்றைக்கும் மேலே தண்ணீர் ஏறவில்லை.

அவர் ரிட்டயராகி ஊருக்குப் போகிறவரை கீழ் வீட்டில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அறுத்தார். என் வற்றலில் தூள் விழுந்தது. குழாய்ப் பூட்டைக் கடைசிவரை எடுக்கவில்லை.